குழந்தையின் உடலும் ஜின் பற்றிய விவாதமும்

மஃரிபுத் தொழுகை முடிந்து வெளியே வருவோர் கொங்குநாட்டுப் பள்ளிவாசல்கள் பலவற்றில் காணும் காட்சி ஒன்றுண்டு. வாசற்படியருகே கைக்குழந்தைகளுடன் தாய்மார்கள் நின்றிருப்பார்கள். பவானியிலும் அப்படித்தான். ஜமக்காளத் தறியிலிருந்து எழுந்து வந்த பெண்ணும், கூடுதுறையில் பூ விற்றுவிட்டு வந்த பெண்ணும், நம் தெருப் பெண்ணும் அந்த வரிசையில் ஒன்றாக நிற்பார்கள். குழந்தை இரவில் வீறிட்டு அழுகிறது, பால் குடிக்க மறுக்கிறது, எதையோ கண்டு பயந்திருக்கிறது என்பார்கள். தொழுதுவிட்டு வரும் பெரியவர் ஒருவர் ஏதேனும் ஓதி, குழந்தையின் நெற்றியில் மெல்ல ஊதுவார். தாயின் முகம் தெளியும். அவள் வீடு திரும்புவாள். காசில்லை, சடங்கில்லை, குழந்தைக்கு நோவுமில்லை.

இந்தக் கட்டுரை அந்த வாசற்படியைக் குறை கூற எழுதப்படுவதன்று. அந்த வாசற்படியைத் தாண்டி வேறோர் இடத்துக்குச் செல்லும் பாதையைப் பற்றியது. ஊதிய பின்னும் குணம் தெரியாத குழந்தை அடுத்து எங்கே கொண்டுசெல்லப்படுகிறது? அங்கே அதன் உடலுக்கு என்ன நேர்கிறது? அதை நேராகக் கேட்க நம் எழுத்துலகம் இதுகாறும் தயங்கியே வந்திருக்கிறது.

பவானியில் நாம் அறிந்த குடும்பமொன்றில் ஒன்பது வயதுச் சிறுமிக்குத் திடீரெனக் கண்கள் நிலைகுத்தி நிற்கும். சில கணங்கள் அழைத்தாலும் கேளாள். பின் எதுவும் நடவாததுபோல் விளையாட்டைத் தொடர்வாள். சில மாதங்களில் அது கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பாயிற்று. பெண்ணுக்கு ஜின் தீண்டியிருக்கிறது என்று யாரோ சொல்ல, ஜின் ஓட்டுவதாகச் சொல்லிக்கொண்ட ஒருவரிடம் கொண்டுபோனார்கள். மிளகாய் வற்றல் புகையில் முகத்தை அழுத்தினார்கள். பெயரைச் சொல், எங்கிருந்து வந்தாய் என்று கேட்டுப் பிரம்பால் அடித்தார்கள். வலி தாங்காத சிறுமி ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். அதையே ஜின்னின் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு மேலும் அடித்தார்கள். மூன்றாம் முறை முன்கையில் சூடு வைத்தார்கள். இறுதியில் அவளை ஈரோட்டு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றவர் அவளுடைய பள்ளி ஆசிரியை. நோய் கால்-கை வலிப்பு என்று தெரிந்தது. நாள்தோறும் இருவேளை மாத்திரை. வலிப்பு நின்று ஆண்டுகளாகின்றன. முன்கைத் தழும்பு மட்டும் நிற்கிறது.

இதில் நம் பங்கையும் மறைக்கலாகாது. இரண்டாம் முறை அவள் கொண்டுசெல்லப்பட்டபோதே செய்தி நம் காதுக்கு எட்டியது. நாம் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால், ஜின் உண்டா இல்லையா, மனித உடலுக்குள் புகுமா புகாதா என்னும் விவாதத்தில் நாமும் ஒரு தரப்பாக முத்திரை குத்தப்படுவோம் என்று அஞ்சினோம். அந்த அச்சத்தின் விலையைச் செலுத்தியவள் ஒன்பது வயதுக் குழந்தை.

நோய் நம்மோடு நிற்பதன்று

இதை ஒரு சமயத்தாரின் குறையாகக் காட்ட முனைவோர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். 2021 ஜூனில் திருவண்ணாமலை மாவட்டம் கண்ணமங்கலத்தில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், பேய் பிடித்திருப்பதாக நம்பிய தாயாலும் உறவுப் பெண்களாலும் அடிக்கப்பட்டு உயிரிழந்தான். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். 2000 பிப்ரவரியில் லண்டனில் மாண்ட விக்டோரியா கிளிம்பி என்னும் எட்டு வயதுச் சிறுமி ஐவரி கோஸ்டிலிருந்து கல்விக்கெனக் கொண்டுவரப்பட்டவள். அவளைப் பொறுப்பேற்ற உறவுப் பெண் தேவாலயப் போதகர்களை நாடியபோது, தீய ஆவியின் பீடிப்பு என்றே அவர்கள் கருதினர். அவள் உடலில் 128 காயங்கள் எண்ணப்பட்டன. மருத்துவமனையும் காவல்துறையும் சமூகநலத் துறையும் அவளைக் கண்டிருந்தும் காப்பாற்றவில்லை என்பதை லார்ட் லேமிங் விசாரணை அறிக்கை 2003 ஜனவரியில் வெளியிட்டது. 2006-இல் பிரிட்டிஷ் அரசுக்காக எலினார் ஸ்டோபார்ட் தயாரித்த ஆய்வு, ஆவி பீடிப்பு, சூனியம் ஆகிய குற்றச்சாட்டுகளால் வதைக்கப்பட்ட 47 குழந்தைகளைப் பற்றிய 38 நிகழ்வுகளை ஆராய்ந்தது. அக்குழந்தைகள் ஒரே சமயத்தையோ ஒரே நாட்டையோ சேர்ந்தவர்கள் அல்லர்.

ஆயினும், எல்லாரிடமும் உள்ளதுதானே என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடி தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் விடுதியொன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அங்கே எரிந்தவர்கள் எல்லாச் சமயத்தவரும்தான். ஆனால் அவர்கள் நம்பி வந்தது நம் இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலத்தை. ஷிஃபாவைத் தேடி நம்மிடம் வந்தவரைச் சங்கிலிக்கு விட்டுக்கொடுத்தோம் என்னும் பழி நம் சமுதாயத்தின் மேல் இருக்கிறது.

இரு தரப்பும் விட்டுவிட்டது

கடந்த கால் நூற்றாண்டில் தமிழ் முஸ்லிம்களின் ஏடுகளும் மேடைகளும் ஜின், சூனியம், கண்ணேறு, தாயத்து ஆகியவற்றைப் பற்றி விவாதித்த அளவு வேறெதையும் விவாதித்திருக்குமா என்பது ஐயமே. ஒரு தரப்பு இவற்றில் பலவற்றை இணைவைப்பின் வாயில்களாகக் கண்டது. மறு தரப்பு முன்னோர் வழியை மறுப்பதாகக் கண்டது. ஒவ்வொரு ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரும் அலசப்பட்டது. இந்த உழைப்பை நாம் இகழவில்லை. ஆனால் அந்த விவாதக் கட்டுரைகளில் நாம் வாசித்தவரை, அடிபடும் குழந்தையைப் பற்றி ஒரு பத்தியைத் தேடியும் காணவில்லை. ஜின்னைப் பற்றிப் பேசினோம். ஜின் ஏறியதாகச் சொல்லப்பட்ட உடலைப் பற்றிப் பேசவில்லை.

பகுத்தறிவாளர்களின் அணுகுமுறையிலும் இதே குறை வேறு வடிவில் உண்டு. பவானிக்கு மிக அருகிலுள்ள ஈரோடு பெரியார் பிறந்த ஊர். பேயும் பிசாசும் இல்லை என்னும் முழக்கம் இம்மண்ணில் பல தலைமுறைகளாக ஒலித்துவருகிறது. எனினும் நம்பிக்கை கேலி செய்யப்படும் இடத்தில் அது அழிவதில்லை, ஒளிந்துகொள்கிறது. ஒளிந்துகொண்ட நம்பிக்கையின் கையில் அகப்பட்ட குழந்தையை அண்டை வீட்டாரும் காண்பதில்லை.

எனவே நாம் முன்வைக்கும் நிலைப்பாடு இதுவே: ஜின் மனித உடலில் புகும் என்று நம்புவோரும், புகாது என்போரும், அப்படியொன்றே இல்லை என்போரும் அவரவர் நிலையில் இருந்துகொண்டே ஏற்கவேண்டிய ஒரு விதி உண்டு. குழந்தையின் உடலில் வேதனை ஏற்படுத்தும் எதுவும் சிகிச்சை ஆகாது. இந்த விதிக்கு வெளியிலிருந்து சான்று தேட வேண்டியதில்லை. அது நம் மூலநூல்களிலேயே இருக்கிறது.

அடி யார்மேல் விழுகிறது?

ஷைத்தானின் தீண்டலால் நிலைகுலைந்தவனை உவமையாகக் கூறும் அல்பகரா அத்தியாயத்தின் 275-ஆம் வசனம் இவ்விவாதத்தின் மையம். முஅதஸிலா அறிஞர் அல்ஜுப்பாயீ, ஷைத்தானுக்கு மனிதனை வீழ்த்தும் உடல்சார்ந்த ஆற்றல் இல்லை என்றார். அழைத்ததன்றித் தனக்கு மனிதர்மேல் வேறு அதிகாரம் இருந்ததில்லை என்று ஷைத்தானே மறுமையில் கூறுவதாக இப்ராஹீம் அத்தியாயத்தின் 22-ஆம் வசனத்தில் வருவதை அவர் சான்றாகக் கொண்டார். ஸமக்ஷரீ, அரபுகளின் வழக்கிலிருந்த எண்ணத்தையொட்டி அமைந்த உவமை இது என்றார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களோ ஜின் புகுவதை மறுப்போரைக் கடுமையாக மறுத்ததாக அறிவிக்கப்படுகிறது. அஹ்லுஸ் ஸுன்னா அறிஞர்களில் பெரும்பாலோர் பின்னவரின் வழி நின்றனர். ஆகவே கருத்து வேறுபாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று.

அடிப்பதற்கு ஆதாரமாக இன்று எடுத்துக்காட்டப்படுவது பெரும்பாலும் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களின் எழுத்து. பீடிக்கப்பட்டவர் பலமாக அடிக்கப்படலாம், அடி ஜின்மீதே விழுகிறது, மனிதர் அதை உணர்வதில்லை என்று அவர் எழுதியுள்ளார். தம் ஆசிரியர் ஒருவரைக் கழுத்து நரம்புகளில் கை ஓயுமட்டும் அடித்ததையும், தெளிந்தபின் அம்மனிதர் அடிபட்டதையே அறியாதிருந்ததையும் மாணவர் இப்னுல் கய்யிம் (ரஹ்) பதிவுசெய்துள்ளார். இவ்விருவரின் கல்வி மேன்மையில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இந்தக் கூற்றை மூன்று வகையில் சீர்தூக்க வேண்டும்.

முதலாவது, இது ஓர் அறிஞரின் அனுபவ விவரிப்பு. மார்க்கச் சட்டத்தின் ஆதாரமன்று. இரண்டாவது, தெளிந்தபின் நினைவில்லை என்பதால் அடி உடலில் விழவில்லை என்றாகாது. பெரும் வலிப்புக்கு ஆளானவருக்கு அந்த நேரத்தில் நடந்தது நினைவில் நிற்பதில்லை என்பது மருத்துவம் அன்றாடம் காணும் உண்மை. நினைவில்லாதவரின் எலும்பும் முறியும், தோலும் வெந்துபோகும். மூன்றாவது, அடி ஜின்மீதே விழுகிறது என்னும் கூற்றைச் சோதித்தறிய வழியே இல்லை. குழந்தை அலறினால் ஜின் அலறுகிறது என்கிறார்கள். மௌனமானால் ஜின் ஓடிவிட்டது என்கிறார்கள். மயங்கி விழுந்தால் போராட்டம் கடுமை என்கிறார்கள். எந்த விளைவும் தன்னை மறுக்க முடியாதபடி அமைந்த கூற்றின்மேல் ஒரு குழந்தையின் உயிரைப் பணயம் வைக்க ஷரீஅத் இடந்தருமா?

நபிவழி அறிவிப்புகளையும் காண்போம். அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் பிணியுற்ற மகனை ஒரு தாய் கொண்டுவந்ததாக யஃலா இப்னு முர்ரா (ரலி) அறிவிப்பது முஸ்னத் அஹ்மதில் உள்ளது. நபியவர்கள் குழந்தையின் வாயில் மும்முறை ஊதி, அல்லாஹ்வின் பெயரால் தீயதை விலகச் சொல்லி, குழந்தையைத் தாயிடமே தந்தார்கள். அதன் தொடரைப் பற்றி ஆய்வாளரிடையே வேறுபாடுண்டு. ஏற்போரும் அதில் ஓர் அடியைக் காட்ட முடியாது. உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்களின் மார்பில் நபியவர்கள் கையால் தட்டியதாக இப்னுமாஜாவில் வருவது, தொழுகையில் மனம் தடுமாறுவதாகத் தாமே வந்து முறையிட்ட வயதுவந்த ஒருவரைப் பற்றியது. முதுகில் அடித்ததாக உம்மு அபான் வழியாகத் தப்ரானீயில் வரும் அறிவிப்போ, அவரிடமிருந்து அறிவிப்பவர் ஒருவரே என்பதால் குறை கூறப்பட்டது. பிரம்புக்கும் சூட்டுக்கோலுக்கும் மிளகாய்ப் புகைக்கும் இவற்றில் எங்கே இடமிருக்கிறது?

இவற்றுக்கு எதிர்ப்புறம் புகாரீயும் முஸ்லிமும் பதிவுசெய்த வலுவான அறிவிப்பு நிற்கிறது. வலிப்புற்ற கறுப்பினப் பெண்மணி ஒருவர், தமக்கு வலிப்பு வரும்போது ஆடை விலகுவதாகக் கூறி துஆச் செய்ய வேண்டினார். பொறுத்தால் சுவனம் உண்டு, விரும்பினால் நலம்பெறத் துஆச் செய்கிறேன் என்று நபியவர்கள் இரு வழிகளையும் அவர்முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ வேண்டினார். அவ்வாறே செய்தார்கள். நோயாளியிடம் விருப்பம் கேட்கப்பட்டது. அவருடைய மானம் முதன்மையாகக் காக்கப்பட்டது. சுவனத்துக்குரியவர் என்று சுட்டப்பட்டவர் வலிப்பு நோயுள்ள ஒரு பெண். இன்று நம் ஊர்களில் வலிப்புள்ள சிறுமியைக் கூட்டத்தின் நடுவே தலைமுடியைப் பற்றி ஆட்டுவதும், அதைக் கைப்பேசியில் படமெடுத்துப் பரப்புவதும் எந்த நபிவழி?

பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் நபியவர்கள் பாதுகாப்புத் தேடி ஓதியதாகப் புகாரீயில் வருகிறது. குழந்தைக்கான ருக்யாவின் முழு வடிவம் அதுதான்: பாட்டனாரின் மடி, சில சொற்கள், இறைவனிடம் ஒரு வேண்டுதல். பள்ளிவாசல் வாசற்படியில் ஊதும் பெரியவர் அறிந்தோ அறியாமலோ அந்த மரபில் நிற்கிறார். பிரம்பு எடுத்தவர் அதிலிருந்து வெளியேறிவிட்டார்.

பொறுப்பு யாருடையது?

பெற்றோர் சம்மதித்துத்தானே கொண்டுவந்தார்கள் என்பது ஓட்டுவோர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். அநாதையின் பொருளை அதற்கு நன்மையான முறையிலன்றி நெருங்கக் கூடாது என்பது அல்அன்ஆம் அத்தியாயத்தின் 152-ஆம் வசனத்தின் கட்டளை. குழந்தையின் காசை வீணாக்க அதிகாரம் இல்லாத பொறுப்பாளருக்கு அதன் உடலை வதைக்கவிட அதிகாரம் எங்கிருந்து வரும்? பொறுப்பாளரின் செயல் பொறுப்பில் உள்ளவரின் நலனோடு கட்டுண்டது என்பது ஃபிக்ஹின் பொதுவிதி. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து கேடு விளைவிப்பவர் அக்கேட்டுக்கு ஈடு செய்யும் பொறுப்புடையவர் என்னும் ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகியவற்றில் உள்ளது. நல்லெண்ணம் அவரைக் காப்பாற்றாது. பருவமடையாத குழந்தையின்மேல் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது, அதாவது பாவமே எழுதப்படுவதில்லை என்னும் ஹதீஸையும் நாம் அறிவோம். மறுமையின் விசாரணையிலிருந்தே விலக்கப்பட்ட ஒருவரை, நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று பிரம்போடு விசாரிக்கத் துணிவது எத்தகைய துணிவு!

மருத்துவத்தை நாடுவது ஈமானின் குறைவு என்று எண்ணுவோர் நம் வரலாற்றையே மறந்தவர்கள். மனச்சோர்வு நோயைப் பற்றி எழுதுகையில் இப்னு ஸீனா, அது ஜின்னால் நேர்வதாகச் சிலர் கூறுவதைக் குறிப்பிடுகிறார். ஜின்னாலோ வேறெதனாலோ ஆகுக, உடலில் நேர்ந்த மாற்றமே மருத்துவனின் அலுவல் என்று அங்கேயே அவ்விவாதத்தை விட்டு மேலே செல்கிறார். நம்பிக்கையை அவர் தாக்கவில்லை. நோயாளியைக் காக்க வைக்கவுமில்லை. இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களேகூட வலிப்பை இருவகையாகப் பிரித்து, உடற்கூறுகளின் கேட்டால் வருவது மருத்துவர்க்குரியது என்று ஏற்றிருக்கிறார். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப்பகுதி இருந்தது.

இன்றைய அறிவு இன்னும் தெளிவானது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்குக் கால்-கை வலிப்பு உண்டு என்றும், உரிய மருந்தால் அவர்களில் 70 சதவீதம்வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வலிப்பு வந்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றினால் போதும். வாயில் எதையும் திணிக்கலாகாது. இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வலிப்பினும் பேசக் கூசும் காரணமொன்று உண்டு. நன்றாக இருந்த குழந்தை திடீரென வாய் மூடிப்போகிறது, இரவில் அலறுகிறது, படுக்கையை நனைக்கிறது, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் நடுங்குகிறது. இவை ஜின்னின் அடையாளங்கள் என்று நம் வீடுகளில் எளிதாகச் சொல்லப்படுகின்றன. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் அடையாளங்களும் இவையாக இருக்கக்கூடும். குழந்தை சொல்ல வந்ததை ஜின் சொன்னதாக ஆக்கிவிட்டால் குற்றவாளி தப்பிவிடுகிறான். குழந்தை இரண்டாம் முறையும் தண்டிக்கப்படுகிறது. பீடிப்புக் கதை சில வேளைகளில் அறியாமை மட்டுமன்று, ஒரு மூடுதிரையும்கூட என்பதை நம் ஆலிம்கள் உணர்ந்தாக வேண்டும்.

சட்டமும் மஹல்லாவும்

மகாராட்டிரம் 2013-இலும் கர்நாடகம் 2017-இலும் குஜராத் 2024-இலும் இத்தகைய கொடுமைகளுக்கெதிராகத் தனிச்சட்டங்கள் இயற்றின. மகாராட்டிரச் சட்டத்துக்காக நெடுங்காலம் போராடிய நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று சுட்டுக்கொல்லப்பட்ட பின்னரே அது நடைமுறைக்கு வந்தது. தனிச்சட்டம் இல்லாத இடத்திலும் வழியில்லாமல் இல்லை. பொறுப்பிலுள்ள குழந்தையை வதைப்பதையோ வதைக்கவிடுவதையோ 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு தண்டிக்கிறது. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடைசெய்கிறது. மந்திரத்தாலும் தாயத்தாலும் வலிப்பைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098.

ஆனால் சட்டம் வந்து சேரும்போது பெரும்பாலும் காயம் நேர்ந்து முடிந்திருக்கும். காயத்துக்கு முன்னே சென்று நிற்கக்கூடியது மஹல்லா ஜமாஅத்துதான். 2012-இல் பிரிட்டன் இக்கொடுமைக்கெதிராக வகுத்த செயல்திட்டம், நம்பிக்கையை எதிர்ப்பது தன் நோக்கமன்று, நம்பிக்கையின் பெயரால் குழந்தை வதைக்கப்படுவதே எதிர்க்கப்படுவது என்னும் அடிப்படையில் சமயத் தலைவர்களையும் உடன் சேர்த்துக்கொண்டது. நமக்கும் அதுவே ஏற்ற வழி. ஓதிப்பார்க்க வருவோரிடம், மருத்துவரைப் பார்த்தாயா தாயே என்று இமாம் ஒரு கேள்வி கேட்கட்டும். தாயின் கண்முன், குழந்தையைத் தொட்டு வருத்தாமல், காசு கேட்காமல் ஓதுவதே ருக்யா என்று ஜுமுஆ உரையில் சொல்லட்டும். அடிப்பவர், சூடு வைப்பவர், கட்டிவைப்பவர் எவராயினும் மஹல்லாவுக்குள் அவருக்கு இடமில்லை என்று ஜமாஅத் தீர்மானம் எழுதட்டும். எழுதியபின் மீறப்பட்டால், குடும்ப மானம் என்று மூடிவைக்காமல் 1098-ஐ அழைக்கட்டும். இவற்றில் எதற்கும் ஜின் விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தீங்கிழைத்தலும் இல்லை, பதிலுக்குத் தீங்கிழைத்தலும் இல்லை என்னும் பொருள்பட்ட நபிமொழியை ஏற்காத தரப்பு நம்மிடையே எதுவுமில்லை.

அந்தச் சிறுமி இப்போது கல்லூரிக்குச் செல்கிறாள். கோடையிலும் முழுக்கை உடுப்பையே அணிகிறாள். மார்க்கப் பேணுதல் என்று ஊர் மெச்சுகிறது. அந்தக் கைக்குள் இருப்பதை அறிந்த நாம் மெச்ச முடியாமல் தலைகவிழ்கிறோம். இன்று மாலையும் மஃரிபுக்குப் பின் அந்த வாசற்படியில் குழந்தைகளோடு தாய்மார்கள் நிற்பார்கள். அவர்களில் யாருடைய குழந்தை நாளை அடுத்த இடத்துக்குக் கொண்டுசெல்லப்படும் என்பதை நாம் அறியோம். கொண்டுசெல்லப்படும் செய்தி நம் காதில் விழுந்தால் இம்முறை என்ன செய்வோம் என்பதையேனும் அறிந்திருக்க வேண்டும்.